நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
பயனாளி ஒருவரின் வெற்றிக்கதையை
நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் எழுதுக.
படம் இருந்தால் நலம்.

மில்வாக்கியில் பிப்ரவரி.
செருப்புக்கடையாக இருந்த கூடம் இது.
சுவரில் இன்னும் அளவு எண்கள்:
ஆறு, ஆறரை, ஏழு.
அவற்றின் கீழே பதினெட்டு லேப்டாப்,
ஒவ்வொன்றின் முதுகிலும் அறக்கட்டளையின் முத்திரை.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன் ஒருநாள்.
பசைதான் வருகிறது, பெயர் போவதில்லை.

கோ ஸியோங்கைப் பற்றி எழுதலாம்.
மூன்றாம் வாரமே நின்றுவிட்டான்,
இறைச்சி ஆலையில் இரவு வேலை கிடைத்ததென்று.
பயிற்சிக்குப் பின் பணியில் உள்ளாரா?
உள்ளார்.
கட்டத்தில் டிக் போட்டேன். பச்சையாகிவிட்டது.
எங்கள் அறிக்கையின் மிகப் பெரிய வெற்றி
பன்றித் தொடை அறுத்துக்கொண்டிருக்கிறது.

ஒடெஸா ப்ரூயிட்டுக்குக் கட்டம் இல்லை.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவெல்லாம்
யார் யாரோ கிடந்த விரிப்புகளை வெளுத்துவிட்டு
முதல் பஸ்ஸில் வந்து
முன்வரிசையில் உட்காருவாள், கோட்டைக் கழற்றாமல்.
எந்திரம் சுற்றும் சத்தத்திலேயே
எந்த பேரிங் தேய்ந்ததென்று சொல்லக்கூடியவள்.
ரவுட்டர் செத்த அன்று
நாங்கள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
"நேத்து இருந்ததுல இன்னிக்கு எது மாறியிருக்கு?"
துடைக்க வந்தவர் பிடுங்கிய வயர்.
கையேட்டில் அது பக்கம் இருநூற்றுப் பதினொன்று.

தேர்வில் ஆறு மதிப்பெண் குறைந்தது.
மறுதேர்வுக்கு இருநூற்று அறுபத்தைந்து டாலர்.
பட்ஜெட்டில் மறுதேர்வு என்றொரு வரி இல்லை.
யானை வாங்கியாயிற்று,
அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள்.
ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் பணம் மாற்ற
எழுத்துமூலம் அனுமதி, முப்பது வேலைநாள்.
நானும் இதே நாற்காலியில் படித்துத் தேறி
இதே கூடத்தில் கணக்கெழுத உட்கார்ந்தவள்.
அவள் முகத்தைப் பார்க்காமல்
பட்ஜெட்டை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.

மேலிருந்து கீழாக விரலோட்டினாள்.
ஒரு வரியில் நின்றது விரல்.
விருந்தினர் உபசரிப்பு: முந்நூறு.
"யார் வர்றாங்க?"
"அறங்காவலர்கள். அடுத்த செவ்வாய்."
"கேக் சாப்பிடுவாங்களா?"

செவ்வாயன்று எலுமிச்சை கேக் பன்னிரண்டு,
ஒன்று இருபத்தைந்து டாலர் வீதம்.
ரசீது அவளே தயாரித்தாள்,
நாங்கள் சொல்லிக்கொடுத்த விரிதாளில்,
கூட்டல் சூத்திரம் பிழையில்லாமல்.
கட்டணம் போக மிச்சம் முப்பத்தைந்து:
வெண்ணெய், சர்க்கரை, எலுமிச்சை, அடுப்பின் கேஸ்.
உழைப்புக்குக் கூலி போடவில்லையே என்றேன்.
"அது அடுத்த மானியத்துல."

சாம்பல்நிறச் சால்வை போட்ட ஒரு அறங்காவலர்
இரண்டாம் துண்டை எடுத்துக்கொண்டு
எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.
ஒடெஸா அப்போது கடைசி வரிசையில்
முகவரிகளைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
உள்ளூர்க் கடைதான் என்றேன்.
உள்ளூர்க் கடைகளை ஆதரிப்பது நல்லது
என்று குறித்துக்கொண்டார்.

தேர்வு வியாழன், பத்து நாற்பதுக்கு.
படிவம் மூடுவது புதன் நள்ளிரவு.
இன்று புதன்.
எழுதினேன், அழித்தேன்.
கேக்குக்கு வருவதற்குள்ளேயே
நூற்றைம்பது தீர்ந்துவிடுகிறது.
தேறினாள் என்று எழுத முடியாது, இன்னும் தேறவில்லை.
தேறவில்லை என்று எழுத எனக்கு மனமில்லை.
கேக்கை எழுதினால் தணிக்கைக்காரர் வருவார்.

பதினொன்று ஐம்பத்து நாலு.
கோ ஸியோங்கின் பழைய படம் ஒன்று இருக்கிறது,
முதல் வாரத்தில் எடுத்தது,
நன்றாகவே சிரித்திருக்கிறான்.
அதை ஏற்றிவிட்டேன்.

பிறகு பஸ் நேரம் பார்த்தேன்:
அந்த வழியில் ஒன்பது ஐந்துக்கு ஒன்று,
விட்டால் ஒன்பதே முக்கால்.
பனி பெய்யும் என்கிறார்கள்.
ஒன்பது ஐந்தையே பிடி
என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
சலவைக்கூடத்தில் இருப்பாள் இப்போது,
ஈரக்கை.